கோட்டுக்குக் கீழே

ஜூன் 9, திங்கள்

படிவங்கள் அச்சாகி வந்தன. நூற்று இருபது. மை இன்னும் விரலில் ஒட்டுகிறது.

தலைப்பை இங்கே ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன்: இளநிலை வணிகவியல் மாணவர்களின் கற்றல் பாணியும் தேர்ச்சியும். என் முனைவர் பட்டத்துக்கு. கௌரவ விரிவுரையாளராக நான் பாடம் எடுக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களே ஆய்வுக்கும் ஆட்கள். இரண்டு பிரிவு, நூற்றுப் பதினெட்டுப் பேர்.

ஒருவருக்குக் கணக்கு எந்த வழியாக உள்ளே போகிறது? பார்த்து, கேட்டு, வாசித்து எழுதி, கையால் செய்து. நான்கு வழி, இருபது கேள்வி. எந்த வழிக்காரர் தேர்வில் அதிகம் எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு.

வழிகாட்டி குற்றாலிங்கம் சார் படிவத்தைப் புரட்டிவிட்டு, எப்சி, நீ எந்த வகை என்று கேட்டார். வாசிக்கிற வகை என்றேன். மனதுக்குள்ளா சத்தமாகவா என்றார். மனதுக்குள் என்றேன். என் கையெழுத்து இடப்பக்கம் சாய்வதைப் பற்றியும் வழக்கம்போல் சொன்னார். ஓடும் பஸ்ஸில் நின்று எழுதியதுபோல் இருக்கிறதாம்.

ஆனிக் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. வளாகத்தைச் சுற்றி உள்ள காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கின்றன.

ஜூன் 11, புதன்

படிவம் கொடுத்தேன். இரண்டு பிரிவையும் செமினார் ஹாலில் உட்கார வைத்து, நாற்பது நிமிடம். ஜன்னல்களைச் சாத்தியும் தாள்கள் பறந்தன. ஒவ்வொரு பெஞ்சிலும் டிபன் பாக்ஸை வைத்து அழுத்திக்கொண்டு எழுதினார்கள்.

கொடுத்தது நூற்றுப் பதினெட்டு. மேசையில் மிச்சம் இரண்டு.

அறைக்கு வந்து எண்ணினேன். நிரம்பியவை நூற்றுப் பத்தொன்பது. வெறுமையாக இருப்பது ஒன்று.

ஜூன் 12, வியாழன்

மறுபடி எண்ணினேன். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். நூற்றுப் பதினெட்டும் சரி. ஒன்றில் மட்டும் பதிவெண் இல்லை, பெயர் இல்லை, பிரிவு இல்லை. இருபது கேள்விக்கும் பதில் இருக்கிறது. இருபதிலும் 'கேட்டு'.

பதினேழாவது கேள்வி: கணக்கு சமன்படாதபோது என்ன செய்வீர்கள்? அதற்கு நான் நான்கு தெரிவுகள் கொடுத்திருந்தேன். நான்கையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது:

மறுபடி வாசிக்கச் சொல்வேன்.

குற்றாலிங்கம் சார் அதைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். புள்ளியியல்காரர் போட்டுவிடுவார். கணக்குப் படித்தவர்களுக்கு அது கைவராது. இருப்பாய்வின் இரண்டு பக்கமும் சமன்படாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி எறிவதில்லை. அனாமத்துக் கணக்கு என்று ஒரு பெயர் கொடுத்து, பிழை கிடைக்கும்வரை அங்கே உட்கார வைப்போம். எனக்கும் கை தானாகப் போயிற்று. கணினியில் 119ஆவது வரிசை திறந்தேன். பெயர்: அனாமத்து. தேர்வு மதிப்பெண்: காலி.

கையெழுத்து சாதாரணக் கையெழுத்து. கொஞ்சம் இடப்பக்கம் சாய்வு.

ஜூன் 13, வெள்ளி

துணி துவைத்தேன். தலையணை உறை ஒன்று கொடியிலிருந்து பறந்து காம்பவுண்டுக்கு அப்பால் போய்விட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். நிற்காமல் போயிற்று.

ஜூன் 16, திங்கள்

முதல் தொகுப்பு: பார்த்து 44, வாசித்து எழுதி 37, செய்து 18, கேட்டு 19. அனாமத்தைச் சேர்க்கவில்லை.

அடுத்து ஒரு பொதுத் தேர்வு வேண்டும். எல்லாருக்கும் ஒரே கணக்கு. நானே கணக்கு அமைத்தால் ஆய்வில் குறை சொல்வார்கள் என்று, பழைய பல்கலைக்கழக வினாத்தாள் ஒன்றிலிருந்து எடுக்கச் சொன்னார் சார். துறை உதவியாளர் சொரிமுத்து அண்ணன் பைண்டு செய்த பழைய தொகுதியைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். நிறுமக் கணக்கியல், ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏப்ரல். இதில் கடைசிக் கணக்கு போதும் என்றார்.

அந்தத் தாள் எனக்குத் தெரியும். அப்போது நான் முதலாமாண்டு. மூன்றாமாண்டில் முப்பிடாதி என்று ஒரு அக்கா, பார்வை குறைந்துகொண்டே போனவள். அவளுக்குத் தேர்வு எழுதுகிற ஆளாக என்னைத் துறையில் போட்டிருந்தார்கள். நான் கேள்வியை வாசிப்பேன். அவள் மனதிலேயே போட்டு விடை சொல்வாள். நான் எழுதுவேன். வருடம் முழுக்க அவளுக்கு வாசித்து வாசித்துத்தான், டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்த எனக்குக் கணக்கு வந்தது.

இந்தத் தாளுக்கும் நான்தான் வாசித்தேன். நன்றாகப் போயிற்று.

வேறு தாள் எடுக்கலாமா என்று சாரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

மதியம் ஒரு மாணவி மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு வந்தாள். மா. பிரம்மசக்தி, பி பிரிவு, விடுதி. வகுப்புப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். ஜூலை ஏழுக்குள் போட்டால் கட்டிய கட்டணத்தில் பாதி திரும்பும். காரணம் என்ற இடத்தில் 'கணக்கு வரவில்லை' என்று எழுதியிருந்தாள். இரண்டு தாள் அரியர். திருப்பூர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம்.

இன்னும் ஒரு வருடம்தானே என்றேன். அவள் விண்ணப்பத்தின் மூலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்கே கணக்கு வராது மிஸ். எங்க அக்காவுக்கே வரல. அவ எவ்ளோ பெரிய மண்ட. எனக்கு மட்டும் எப்படி வரும்?"

வெள்ளிக்கிழமை தேர்வை எழுதிவிட்டுப் போ, இல்லாவிட்டால் ஆய்வுக்கு ஒரு எண் குறையும் என்றேன். சரி என்றாள். விண்ணப்பம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

தேர்வு. காலை பத்து மணி. வெயில், காற்று.

தாளைக் கொடுத்துவிட்டு மேடையில் நின்றேன். பையன்கள் தாளைப் பார்த்து எழுதினார்கள். வீட்டிலிருந்து வரும் பெண்களும் அப்படியே. விடுதிப் பெண்கள் முதல் இரண்டு வரியைப் பார்த்தார்கள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஒருத்தி, இரண்டு பேர் அல்ல. ஐந்து வரிசை. கண்ணை மூடிக்கொண்டார்கள். உதடுகள் அசைந்தன. பேசுவதற்கு முந்தைய அளவுக்குத்தான் சத்தம். கூரை மின்விசிறி நின்றிருந்ததால் கேட்டது.

பங்கு முதல் ரெண்டு லட்சம். உள்தூக்குக் கூலி ஆயிரத்து நானூறு. கடனீந்தோர் இருபத்தாறாயிரம்.

தாளில் இருப்பதுதான். ஆனால் தாள் கவிழ்ந்து கிடந்தது.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரல் மேலே ஏறி நின்றது, வரி முடிந்ததா இல்லையா என்று பயப்படுவதுபோல். அந்த ராகத்தை எங்கோ கேட்டிருக்கிறேன். பேசக் கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரும் பேசவில்லையே.

ஜூன் 23, திங்கள்

திருத்தி முடித்தேன். நாற்பத்து மூன்று தாள்களில் ஒரே பிழை. ஒரே இடத்தில், ஒரே தொகை. 38,400. நாற்பத்து மூன்று பேரும் அந்த வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

காப்பி அடித்தால் இப்படி வராது. காப்பி அடிப்பவர்கள் நடுவில் எங்காவது எண்ணை மாற்றி எழுதித் தொலைப்பார்கள்.

பிழை இதுதான். கேள்வியில் முதலில் ஒரு அட்டவணை. அது முடிந்ததும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சரிக்கட்டல்கள். கோட்டுக்கு மேலே இருக்கும் இனத்தை ஒரே இடத்தில் எழுத வேண்டும். கீழே இருந்தால் இரண்டு இடத்தில். இந்தக் கணக்கில் இறுதிச் சரக்கிருப்பு 38,400 கோட்டுக்கு மேலே இருக்கிறது, அட்டவணையின் கடைசி வரியாக. அந்தக் கடைசி வரி மட்டும் பக்கம் திரும்பி மறுபக்கத்தின் தலையில் தனியாக நிற்கிறது. அதை அடுத்துக் கோடு.

நாற்பத்து மூன்று பேரும் அதைக் கோட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

கண்ணால் பார்க்கிற யாரும் செய்ய மாட்டார்கள். கோடு அவ்வளவு தடிமன்.

ஜூன் 24, செவ்வாய்

படிவத்தை இரண்டாம் முறை கொடுத்தேன். நம்பகத்தன்மைக்காக இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்பது வழக்கம். பத்து சதவீதம்போல மாறும்.

கேட்டு: 62. முன்பு 19. வித்தியாசம் 43.

கற்றல் பாணி இரண்டு வாரத்தில் மாறாது. அப்படித்தான் என் முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்.

இந்த முறை படிவங்கள் நூற்றுப் பதினெட்டுத்தான். பழைய கட்டைப் பிரித்து அந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நீலம் அல்ல, கரும்பச்சை மை. என் பேனாவிலும் அதே மைதான். ஸ்டோரில் எல்லாருக்கும் கிடைக்கிற மை.

ஜூன் 26, வியாழன்

மாலை நான்கு மணிக்கு மகளிர் விடுதிக்குப் போனேன். பின்பக்கம் துணி துவைக்கும் கல்வரிசை. குழாயில் தண்ணீர் விடும் நேரம். பத்துப் பதினைந்து பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். துணியை அடிக்கும் கதியில் அதே கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

காற்று அடங்கும்போது தெளிவாக வந்தது. பல குரல்கள், ஆனால் ஒரே குரல். வரி முடிவில் ஏறுகிற அந்த மூச்சு. 'ஆயிரம்' என்பதில் ஆவை நீட்டிவிட்டு, நீட்டியதற்கு வெட்கப்பட்டு யிரத்தை விழுங்குவது. பக்கம் திரும்பும்போது ஒரு சின்னச் செருமல். அந்தச் செருமலைக்கூட எல்லாரும் சேர்ந்து செருமினார்கள்.

யாருடையது என்று அப்போது தெரிந்தது.

பதினெட்டு வயதில் நான் அப்படித்தான் வாசிப்பேன்.

கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "கோட்டுக்கு மேலயா, கீழயா?" மற்றவர்கள் துணியை அடித்துக்கொண்டே, "கீழ."

கேட்டவள் பிரம்மசக்தி. என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடி வந்தாள். இது என்ன என்று கேட்டேன்.

"எங்க அக்கா சொல்லிக்கிட்டே இருப்பா மிஸ். அவ பரீட்சைல வந்த கணக்கு. எங்கயோ ஒரு வித்தியாசம் நிக்கிம். அதத் தேடிக்கிட்டே இருப்பா. எனக்குக் கண்டுபுடிக்கத் தெரியல. இவளுகளாவது கண்டுபுடிப்பாளுகளான்னு காலேஜ் தெறந்ததுலருந்து சொல்லிக் குடுத்தேன். இப்ப ஒருத்தியும் நிறுத்த மாட்டுக்காளுக."

அக்காவின் பெயரை நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். மா. முப்பிடாதி. மூளையில் கட்டி. கண்ணை முதலில் எடுத்தது அதுதானாம். போய் நாலு வருஷம் ஆகிறது.

எனக்கு அது தெரியும். அன்று எனக்கு ஆறாம் பருவத் தேர்வு இருந்தது. போக முடியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தலைவலி. வகுப்பு எடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஜூன் 16 அன்று 'நன்றாகப் போயிற்று' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. கணக்கேட்டில் தவறான பதிவை அழிக்கக் கூடாது. கீழே திருத்தப் பதிவு எழுத வேண்டும்.

திருத்தம்: நான் வாசித்ததில் ஒரு தவறு நேர்ந்தது. பக்கம் திரும்பும் இடத்தில், அட்டவணை முடிந்துவிட்டது என்று நினைத்து, "சரிக்கட்டல்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை வாசித்தேன். கேட்பவளுக்குக் கோடு கிடையாது. நான் சொல்லும் இடம்தான் கோடு.

அது தவறுதல். யாருக்கும் நேரும். அவள் அந்தத் தாளில் தேறவில்லை. அந்தத் தாளில் மட்டும். அவள் இறந்தது கட்டியால்.

ஜூலை 2, புதன்

குற்றாலிங்கம் சார் என் அட்டவணையைப் பார்த்தார். 119ஆவது வரிசை ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டார். இல்லாத ஆளுக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும் என்றார். செப்டம்பரில் அறிக்கை தர வேண்டும், டிசம்பரில் நிரந்தரப் பணிக்கு நேர்காணல், உன் பெயரைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். நல்ல மனிதர். எனக்காகப் பல இடத்தில் பேசியிருக்கிறார்.

அந்தப் பெண் பிரம்மசக்தியின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு, படிக்க மனமில்லாத பிள்ளையைப் பிடித்து வைத்து என்ன செய்ய என்றார்.

பேனாவைத் திறந்தேன். 'கணக்கு வரவில்லை' என்ற வரிக்கு நேர் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. மூடினேன்.

வகுப்பில் பிரம்மசக்தி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, நான் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். முப்பிடாதியும் தலையை இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ப்பாள்.

நான் வாசிக்கும்போது வரி முடிவில் குரல் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். முடியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

திருத்தத்துக்குத் திருத்தம்.

பரீட்சை எழுதிய அறை, துறை ஸ்டோருக்குப் பக்கத்தில். நாங்கள் இரண்டு பேர், மேற்பார்வைக்கு ஒரு சார். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இருப்புநிலைக் குறிப்பு சமன்படவில்லை. முப்பிடாதி சிரித்தாள். வித்தியாசம் என்றால் அவளுக்கு ஒரு குஷி. பாதியாக்கிப் பார்ப்பாள், ஒன்பதால் வகுத்துப் பார்ப்பாள். அன்று அதெல்லாம் தேவைப்படவில்லை.

"ஏட்டி எப்சி, எவ்ளோ இடிக்கி?"

முப்பத்தெட்டாயிரத்து நானூறு என்றேன்.

"அது இறுதிச் சரக்கிருப்புல்லா. கோட்டுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா? பாத்துச் சொல்லு."

அவள் கண்டுபிடித்துவிட்டாள். கண் இல்லாமல் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டாள்.

பார்த்தேன். மேலே இருந்தது.

மேற்பார்வை சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். துறையில் எல்லாரிடமும் அவள் சொல்லி வைத்திருந்தாள், எப்சி வாசித்தால் தப்பு வராது என்று. இரண்டு மணி நேரத்தை நான் வீணாக்கியிருந்தேன்.

"கீழ" என்றேன்.

"நல்லாப் பாரு."

"கீழதான்."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு அனாமத்தில் போடச் சொன்னாள். மிச்ச நேரம் முழுக்க முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். ஐந்து முறை வாசித்தேன். ஐந்து முறையும் அதே இடத்தில் "சரிக்கட்டல்கள்" என்றேன். அடுத்த கேள்விக்குப் போகவே இல்லை.

தன் கணக்கை நம்பவில்லை. என் கண்ணை நம்பினாள்.

அந்த 119ஆவது படிவத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கையெழுத்து என்னுடையது. முப்பிடாதிக்கு வந்த எல்லாப் படிவத்தையும் நான்தான் நிரப்புவேன். நூலகம், உதவித்தொகை, தேர்வு. இதை எப்போது நிரப்பினேன் என்று தெரியவில்லை. நான் மனதுக்குள் வாசிக்கிற வகை என்று சாரிடம் சொன்னதும் பொய்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி ஆலங்குளம் பக்கம் போனேன். வார விடுமுறைக்குப் பிரம்மசக்தி வீட்டுக்குப் போயிருந்தாள். முகவரி விண்ணப்பத்தில் இருந்தது. பையில் வினாத்தாள் நகல்.

ஒரு அறையும் அடுப்படியும். வாசல் திறந்திருந்தது. சிமெண்டுத் தரையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலை, தூள், ஒரு உருட்டு, நூல். பார்க்காமலே விரல்கள் ஓடின. வாயும் ஓடிக்கொண்டிருந்தது.

பங்கு முதல் ரெண்டு லட்சம். உள்தூக்குக் கூலி ஆயிரத்து நானூறு.

ஒரு வரிக்கு ஒரு பீடி. வரி முடிவில் குரல் ஏறியது, நூல் இறுகியது. ஐம்பது வயதுப் பெண்ணின் வாயிலிருந்து என் பதினெட்டு வயது வந்துகொண்டிருந்தது. பக்கம் திரும்பும் இடத்தில் செருமினார்.

வகுப்பு மிஸ் என்று பிரம்மசக்தி சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார். தடுத்து நானும் தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்றேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"எங்கயோ கேட்ட குரல் மாரி இருக்கு. இந்தப் பக்கம் வந்துருக்கியளாம்மா?"

இல்லை என்றேன்.

எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. கடைசி இரண்டு வருடம் மகள் இதே சுவரில் சாய்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாளாம். இவர் சுற்றிக்கொண்டே கேட்பாராம். அர்த்தம் ஒன்றும் தெரியாது. கை அதோடு ஒட்டிக்கொண்டது. இதைச் சொன்னால்தான் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி தேறுமாம். மகளுக்கு வாசித்துக் கொடுத்த பிள்ளையைப் பற்றியும் சொன்னார். பெயர் தெரியாது. அவளுக்குக் கண்ணாக இருந்த புள்ள என்று சொன்னார்.

பேசிக்கொண்டே மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் அந்த இடம் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடனீந்தோர் வந்தது. செருமல் வந்தது. சரிக்கட்டல்கள். இறுதிச் சரக்கிருப்பு முப்பத்தெட்டாயிரத்து நானூறு.

"கோட்டுக்கு மேலயா, கீழயா?"

விரல்கள் அடுத்த இலைக்குப் போயின. அடுப்படி வாசலில் நின்ற பிரம்மசக்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாள்தோறும் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது இருமல்போல் ஆகிவிட்டது.

"மேல" என்றேன்.

இலை விரலிலேயே நின்றது.

"மேலம்மா. அன்னைக்கும் மேலதான் இருந்துச்சு. முப்பிடாதி அக்கா சரியாத்தான் கேட்டா. நாந்தான் பாத்துட்டு, கீழன்னு சொன்னேன்."

வினாத்தாளைத் தரையில் விரித்தேன். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. பிரம்மசக்தி வந்து கையால் அழுத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். கண்ணால் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். ஒற்றை வரி, அதன் கீழே தடிமனாகக் கோடு. என்னிடம் பேனா கேட்கவில்லை. உள்ளே போய்ப் பென்சில் எடுத்துவந்து அந்தப் பக்கத்தின் வெற்று இடத்தில் கணக்கைப் போட்டாள். இருபது நிமிடம். இரண்டு பக்கமும் கூட்டினாள். இரண்டு பக்கத்திலும் ஒரே தொகை. அதன் கீழே இரட்டைக் கோடு போட்டாள், பென்சில் முனை உடையும் அளவுக்கு.

என்னைப் பார்க்கவில்லை.

அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மேலன்னா, பொறவு என்ன வரும்?"

புரியவில்லை. மறுபடி கேட்டார். "கீழன்னா, மறுபடி மொதல்லருந்து வரும். மேலன்னா?"

"ஒண்ணும் வராதும்மா. அதோட சரியாப் போயிரும்" என்றேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் ஒரு கடிதம் எழுதினேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, துறைத் தலைவர் வழியாக. அன்று நடந்தது முழுதும். குற்றாலிங்கம் சார் இரண்டு முறை வாசித்தார். இதனால் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் மாறப்போவதில்லை, உன் டிசம்பர்தான் போகும் என்றார். தெரியும் சார் என்றேன். கையெழுத்தைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தைத் துறைத் தலைவருக்கு அனுப்பி வைத்தார்.

119ஆவது வரிசையில் அனாமத்து என்பதை மாற்றி மா. முப்பிடாதி என்று எழுதினேன். மதிப்பெண் இடத்தில், அந்தக் கணக்குக்கு இருபது. இருபதுக்கு.

மதியம் பிரம்மசக்தி வந்தாள். கண் வீங்கியிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டாள். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

"ஒங்களுக்காக இல்ல மிஸ்."

தலையாட்டினேன். அவள் போகாமல் நின்றாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். கேட்டுக்கிட்டா. திட்டல, அழல. ஆனா நேத்துலருந்து ஒரு பீடி சுத்தல. சுளக மடில வச்சிக்கிட்டு உக்காந்துருக்கா. கை ஓட மாட்டுக்குங்கா." கதவின் பக்கம் திரும்பிக்கொண்டு மீதியைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழம ஒங்கள வரச் சொன்னா. வேற ஒரு கணக்கு வாசிச்சுக் குடுக்கணுமாம். அந்தக் குரல்லதான் வேணுமாம்."

அவள் போன பிறகு பழைய தொகுதியை எடுத்துவைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு, ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வரி முடிவில் குரல் ஏறுகிறது. கோடு வந்ததும் நிறுத்தி, "கோடு" என்றேன்.

வெளியே வராந்தாவில் யாரோ நின்று கேட்பதுபோல் இருந்தது. திறந்து பார்க்கவில்லை. முதலிலிருந்து மறுபடி வாசித்தேன்.